ஒஸ்லோவின் குளிர்காலத்தை ரசிப்பது எப்படி?

ஒஸ்லோவின் குளிர்காலத்தில் முதலில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். மலேசியாவின் புக்கிட் ரம்பாயில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ஒஸ்லோவில் டிசம்பர் கடைசியில் காலை 9 மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும்; பிற்பகல் மூன்றரைக்குள் மறைந்துவிடும். நண்பகலிலும் அது தென்வானில் தாழ்ந்தே நிற்பதால் நிழல்கள் தெருவின் குறுக்கே நீண்டு கிடக்கும். மறைந்தபின் சட்டென இருட்டுவதில்லை. வானமும் தரைப்பனியும் வெகுநேரம் ஒரே நீலமாகத் தெரியும். அந்த நேரத்தைத் தவறவிடவே கூடாது. 2008இல் திறக்கப்பட்ட ஓப்பெரா மாளிகையின் சரிவான வெள்ளைப் பளிங்குக் கூரைமேல் நடந்து ஏறி, கடலோடு சேர்த்து அந்த நீலத்தைப் பார்க்கலாம். பளிங்கில் பனி உறைந்திருந்தால் வழுக்கும்.

இந்தக் குளிருக்குப் பருத்தி உடை சரிவராது; அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே கம்பளி, வெளியே காற்று புகாத ஜாக்கெட் போதும்.

பனியில் விளையாடப் பிப்ரவரி நல்ல மாதம், பகலும் நீண்டிருக்கும். முதலாம் எண் மெட்ரோவில் புரோக்னர்செத்தெரன் நிலையத்துக்கு ஏறி, சறுக்குவண்டியை வாடகைக்கு எடுத்து, காட்டு வழியே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறங்கலாம். குதிகாலைப் பனியில் அழுத்துவதுதான் பிரேக். மித்ஸ்டூவன் நிலையத்தில் அதே மெட்ரோவைப் பிடித்து மறுபடி மேலே போகலாம்.

அதே மெட்ரோ பாதையில்தான் ஹோல்மன்கோலன் பனிச்சறுக்குத் தாவுமேடை. 1892 முதல் இங்கே போட்டி நடக்கிறது. தூரத்தை மட்டும் பார்ப்பவர்களுக்குப் பாதி அழகு தப்பிவிடும். காற்றில் உடல் ஆடாமல் இருப்பதற்கும், ஒரு காலை முன்வைத்து முழங்கால் மடக்கி இறங்குவதற்கும் நடுவர்கள் தனி மதிப்பெண் இடுகிறார்கள். தாவுபவரின் பாதங்கள் தரையைத் தொடும் கணத்தில் கண்ணை வைத்தால் யார் நல்ல ஆட்டக்காரர் என்பது புரிந்துவிடும்.

பனிச்சறுக்கு இங்குள்ள தமிழர்களிடமும் உண்டு. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தோனி ராஜேந்திரம் நோர்வே வந்தார். அதன்பின் வளர்ந்த தமிழ்ச் சமூகம் ஒஸ்லோவில் பெரியது. பள்ளிகளே பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்கு அழைத்துச் செல்வதால், அங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது புதிதல்ல. புதியவர்கள் குன்றுச் சரிவைத் தவிர்த்து, நூர்மார்க்கா காட்டின் சமதளத் தடங்களில் தொடங்குவது நல்லது. சில தடங்களில் இரவிலும் விளக்கு எரியும்.

துறைமுகத்தில் மிதக்கும் சவுனா அறைகளில் நன்றாக வியர்த்தபின் கடலில் இறங்குவது வழக்கம். முதல் தடவை ஏணியைப் பிடித்தபடி சில விநாடிகள் நின்றால் போதும். இதய நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.