பகுத்தறிதலும் பாகுபாடும்

ஒரு சொல்லின் வரலாற்றை ஆராய்தல் சில வேளைகளிலே ஒரு கொள்கையை ஆராய்தலாக முடிவதுண்டு. ‘டிஸ்கிறிமினேற்றிங்’ என்னும் ஆங்கிலப் பெயரடை அத்தகையது. ஒரு வாசகரை அச்சொல்லாற் சிறப்பித்தால், நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டு தரந்தெரியும் ஆற்றல் வாய்ந்தவர் அவர் என்பது பொருள். அதனுடன் ஒருவயிற்றுப் பிறந்த ‘டிஸ்கிறிமினேற்றறி’ என்னும் பெயரடையோ பாரபட்சமான சட்டத்தையும் செயலையும் சுட்டும். ஒன்று புகழ், மற்றது பழி.

இவற்றுக்கு மூலமான இலத்தீன் சொல் பிரிக்கும் எல்லையைக் குறிப்பது. அதன் அடியிலே கிடப்பது சலித்துப் பிரித்தல் என்னும் பொருளுடைய வினை. திறனாய்வாளரைக் குறிக்கும் ‘கிரிட்டிக்’ என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்க வினையும் அதே தொல்வேரினின்று கிளைத்ததாகும். எனவே, திறனாய்வும் பகுத்தறிதலும் பிறப்பாலேயே உறவுடையன. பழிப்பொருள் பிற்காலத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐக்கிய அமெரிக்காவிலே நிறவேற்றுமை பற்றிய வழக்கில் அது வலுப்பெற்றது. 1965இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை அதனைச் சர்வதேசச் சட்டமொழியில் நிலைநாட்டிற்று.

இவ்விரு பொருளையும் வேறாக்குவது ஒரு சிறு இடைச்சொல்லேயாம். ‘இடையே’ எனப் பொருள்படும் சொல் வினையோடு சேரின் அது அறிவின் தொழில். ‘எதிராக’ எனப் பொருள்படும் சொல் சேரின் அநீதி. ஆனால், பெயரடை இடைச்சொல்லை வேண்டாது தனித்து நிற்பது. ஆகவே, நுண்சுவை என்னும் பெயராலே முற்சாய்வு ஒளிந்து கொள்ளவும் அது இடந்தருகின்றது.

இதற்கு எவ். ஆர். லீவிஸின் திறனாய்வு தக்க சான்றாகும். 1948இல் வெளிவந்த, ‘பெருமரபு’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூலிலே, ஜேன் ஒஸ்ரின், ஜோர்ஜ் எலியற், ஹென்றி ஜேம்ஸ், ஜோசப் கொன்றாட் ஆகியோரை அவர் முதன்மைப்படுத்தினார். டிக்கென்ஸின் மேதைமையை ஒப்புக்கொண்ட போதும், அது மகிழ்விப்போரின் மேதைமையே என்றார். அவரது நாவல்களுள் ‘ஹாட் ரைம்ஸ்’ ஒன்றுக்கே தனிச்சிறப்பு நல்கினார். 1970இலோ, தம் மனைவியாருடன் சேர்ந்து எழுதிய நூலில், டிக்கென்ஸைப் பெரும் படைப்பாளராகவே போற்றினார். முன்னைய தீர்ப்பு குறுகியதே. எனினும் காரணங் காட்டி உரைக்கப்பட்ட தீர்ப்பாதலின், மீண்டும் நூலைக் கற்றுத் திருத்துதற்கு வழி இருந்தது. பாரபட்சமோ நூலைத் திறக்குமுன்னரே தீர்ப்பு வழங்கிவிடும்.

தமிழிலும் ‘பகு’ என்னும் ஓரடியினின்றே பகுத்தறிவும் பாகுபாடும் தோன்றின. ஆதலின், அப்பெயரடையைத் தமிழிற் பெயர்க்கும் மாணவர் அகராதியை மட்டும் நம்புதல் போதாது. பிரித்தவர் காரணங் காட்டினாரா, மறுபடி நோக்க இசைந்தாரா என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். காட்டினாராயின், அவர் தரந்தெரிந்தவர். அல்லாதார் சுவையைப் பேசினும், சாய்ந்த தராசையே ஏந்தி நிற்பவராவர்.