இடா: சட்டகத்தின் அடியில் ஒரு முகம்

பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி இயக்கி 2013-இல் வெளிவந்த போலந்துப் படம் ‘இடா’. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இந்தப் படம் 82 நிமிடம்தான் ஓடுகிறது. கதை நடப்பது 1962-இல். கன்னிமடத்தின் அநாதை இல்லத்தில் வளர்ந்து, இறுதி வார்த்தைப்பாடு கொடுக்க நாள் பார்த்திருக்கும் அன்னா என்ற இளம்பெண்ணை மடத்துத் தலைவி அழைக்கிறார். உயிரோடு இருக்கும் ஒரே உறவு ஒரு சித்தி. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து வார்த்தைப்பாடு கொடு என்கிறார். அன்னாவுக்குப் போக விருப்பமில்லை. போகிறாள். நகரத்து அடுக்குமாடி வீட்டில் சிகரெட்டும் கையுமாகக் கதவைத் திறக்கும் வாண்டா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறாள்: உன் பெயர் அன்னா இல்லை, இடா லெபென்ஸ்டைன், நீ யூதப் பெண், உன் பெற்றோர் போரின்போது கொல்லப்பட்டார்கள்.

பருவ வயதைப் பற்றிய படங்களில் பிள்ளைகள் வீட்டோடு மோதுவார்கள், முரண்டு பிடிப்பார்கள், கடைசியில் வெளியேறுவார்கள். இடாவுக்கு மோதுவதற்கு வீடே கிடையாது. தனக்கு ஒரு குடும்பம் இருந்தது என்பதை அறிவதும், அது எப்படி அழிந்தது என்பதை அறிவதும் அவளுக்கு ஒரே வாரத்தில் நடந்து முடிகின்றன. அந்த அறிவோடு அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்பதே படம். இவ்வளவு பாரமான கதையை இவ்வளவு குறைந்த பேச்சில், ஒரு விளக்கவுரையும் இல்லாமல் சொல்லியிருப்பதுதான் பாவ்லிகோவ்ஸ்கியின் சாதனை.

அவர் 1957-இல் வார்சாவில் பிறந்தவர். பதினான்கு வயதில் தாயோடு போலந்தை விட்டுப் போனவர். பிரிட்டனில் ஆவணப்படங்களும், இரண்டு இளம்பெண்களின் உறவைப் பற்றிய ‘மை சம்மர் ஆஃப் லவ்’ (2004) போன்ற கதைப்படங்களும் எடுத்த பிறகே பிறந்த நாட்டில் படமெடுக்க வந்தார். தந்தைவழிப் பாட்டி யூதர் என்பதும், ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டவர் என்பதும் வளர்ந்த பிறகே அவருக்குத் தெரிய வந்தன. வாண்டா என்ற பாத்திரத்துக்கும் ஒரு நிஜ முகம் உண்டு. ஆக்ஸ்போர்டில் அவருக்குப் பழக்கமான, இனிமையாகப் பேசும் ஒரு முதியவர் ஹெலெனா வொலின்ஸ்கா. ஸ்டாலின் காலத்துப் போலந்தில் ராணுவ அரசு வழக்கறிஞராக இருந்து, எதிர்ப்பியக்கத் தளபதி ஃபீல்டோர்ஃப் 1953-இல் தூக்கிலிடப்பட்ட வழக்கில் பங்கு வகித்தவர் அவர் என்பது பின்னால்தான் வெளியே வந்தது. போலந்து அரசு அவரை ஒப்படைக்கக் கேட்டது, பிரிட்டன் மறுத்தது. 2008-இல் அவர் இறந்தார். ரெபெக்கா லென்கேவிச்சோடு சேர்ந்து பாவ்லிகோவ்ஸ்கி எழுதிய திரைக்கதையில் அந்தப் புதிர் மட்டும்தான் எடுத்தாளப்பட்டது. வாண்டாவின் வாழ்க்கை முழுக்கக் கற்பனை.

வாண்டாவுக்கு ஒரு காலத்தில் ‘ரத்த வாண்டா’ என்றே பெயர். ‘மக்கள் விரோதிகளை’ மரண தண்டனைக்கு அனுப்பியவள். 1962-இல் அவள் வெறும் நீதிபதி. கட்சிக்காரர்கள் நட்ட சிவப்பு டூலிப் பூக்களை வாளால் வெட்டியவன் மீதான வழக்கைச் சலிப்போடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். குடிக்கிறாள், ஆண்களை வீட்டுக்கு அழைத்து வருகிறாள், எல்லாரையும் அதட்டுகிறாள். அகதா குலேஷா இந்தப் பாத்திரத்தில் காட்டும் நடிப்பு, அண்மைக்கால ஐரோப்பிய சினிமாவின் மிகச் சிறந்த நடிப்புகளில் ஒன்று. அவர் உதடு ஏளனம் செய்யும்போதுகூடக் கண் வேறெதையோ தேடிக்கொண்டிருக்கும். தேடுவது எதை என்பது படத்தின் பாதிக்கு மேல்தான் தெரிகிறது: போரில் சண்டையிடப் போனபோது அக்காவிடம் விட்டுவந்த தன் சிறு மகனை.

இடாவாக வரும் அகதா த்ஷெபுஹோவ்ஸ்கா நடிகையே அல்ல. வார்சாவில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து இயக்குநருக்குச் செய்தி அனுப்பியவர் மற்றொரு போலந்து இயக்குநரான மாவ்கோஜாதா ஷுமோவ்ஸ்கா. தேர்ந்த நடிகை ஒருவரும் நடித்தே இராத ஒருத்தியும் எதிரெதிரே அமரும்போது அனுபவமும் அறியாமையும் எதிரெதிரே அமர்ந்தது போலவே ஆகிவிடுகிறது. த்ஷெபுஹோவ்ஸ்காவின் முகம் எதையும் முன்கூட்டியே அறிவிப்பதில்லை. அவள் கேட்கிறாள், பார்க்கிறாள், அவ்வளவுதான். ஓட்டல் அறைக் கண்ணாடி முன்னால் முக்காட்டை எடுத்துத் தன் கூந்தலைத் தானே பார்க்கும் காட்சியில்கூட ஒரு மிகையும் இல்லை.

படத்தின் பேரழகு அதன் சட்டகத்தில் இருக்கிறது. அகலத்திரைக் காலத்தில் பாவ்லிகோவ்ஸ்கி பழைய 4:3 அளவைத் தேர்ந்தார். முகங்களை அந்தச் சட்டகத்தின் நடுவில் வைக்காமல் அடியிலோ மூலையிலோ வைத்தார். தலைக்கு மேலே சுவரும் கூரையும் வானமும் பாதித் திரைக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். முதலில் ஒளிப்பதிவு செய்த ரிஷார்த் லென்செவ்ஸ்கி தொடர முடியாமல் போகவே, கேமராவை இயக்கிவந்த இளைஞர் வூகாஷ் ஜால் பொறுப்பேற்றார். ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் பரிந்துரையில் இருவர் பெயரும் இடம்பெற்றன.

தலைக்கு மேலுள்ள அந்த வெறுமையைக் கடவுளின் இடம் என்று விமர்சகர்கள் பலர் சொன்னார்கள். மடத்துக் காட்சிகளுக்கு அது பொருந்தும். ஆனால் கடவுளை நம்பாத வாண்டா தனியாக மது அருந்தும் காட்சிகளிலும் அதே வெறுமை இருக்கிறது. அங்கே அது இறந்தவர்களின் இடம். ஒரே வடிவம் இரண்டு பெண்களுக்கும் இரண்டு வேறு பொருள் தருவதில்தான் நுட்பம். கேமராவும் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. மனிதர்கள் சட்டகத்துக்குள் நுழைகிறார்கள், நிற்கிறார்கள், வெளியேறுகிறார்கள். தொடக்கத்தில் இடா இயேசுவின் சுரூபத்துக்கு முகத்தில் தூரிகையால் வண்ணம் தீட்டுகிறாள். பிறகு மற்ற கன்னியரோடு அதைத் தோளில் சுமந்து பனி மூடிய முற்றத்தில் கொண்டு போய் நிறுத்துகிறாள். உணவறையில் சூப் தட்டில் கரண்டி படும் ஓசை மட்டும் கேட்கிறது. ஒரு வார்த்தை இல்லாமல் மடத்தின் வாழ்க்கை முழுதும் விளங்கிவிடுகிறது.

இந்தக் காட்சியமைப்பு கதை நடக்கும் காலத்துப் போலந்து சினிமாவுக்குச் செய்யும் மரியாதையும்கூட. கன்னிமடத்தைக் களமாகக் கொண்ட கவலெரோவிச்சின் ‘மதர் ஜோன் ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ 1961-இல் வந்தது. ஜாஸ் இசை ததும்பும் போலன்ஸ்கியின் ‘நைஃப் இன் தி வாட்டர்’ 1962-இல் வந்தது. இரண்டும் கறுப்பு வெள்ளை. ‘இடா’ டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டாலும், அந்த வரிசையில் விடுபட்டுப் போன ஒரு படம் போலவே தோன்றுகிறது.

படத்தில் பின்னணி இசை என்று தனியாக எதுவும் இல்லை என்றே சொல்லலாம். வானொலி, இசைத்தட்டு, ஓட்டல் மேடை என்று காட்சிக்குள்ளிருந்துதான் பாட்டு வருகிறது. ஸ்டாலின் காலத்தில் ஒதுக்கப்பட்டிருந்த ஜாஸ், 1956-க்குப் பின் போலந்து இளைஞர்களின் மூச்சாக மாறியது. வாண்டாவும் இடாவும் வழியில் காரில் ஏற்றிக்கொள்ளும் சாக்ஸஃபோன் கலைஞன் லிஸ் அந்தத் தலைமுறைக்காரன். ஓட்டல் விழாவில் அவன் குழு ஊராருக்குப் பிடித்த ஆட்டப் பாட்டுகளை வாசிக்கிறது. கூட்டம் கலைந்த பிறகு தங்களுக்காக வாசிக்கிறார்கள்: ஜான் கோல்ட்ரேனின் ‘நைமா’. படுக்க வேண்டிய நேரத்தில் இடா படியிறங்கி வருவது அந்த இசைக்காகத்தான். உலகத்தின் ஈர்ப்பு அவளுக்கு முதலில் காது வழியாக வந்து சேர்கிறது.

பெற்றோரைப் புதைத்த இடத்தைத் தேடி இருவரும் வார்ட்பர்க் காரில் பியாஸ்கி கிராமத்துக்குப் போகிறார்கள். லெபென்ஸ்டைன் குடும்பத்து வீட்டில் இப்போது ஃபெலிக்ஸ் ஸ்கிபா குடியிருக்கிறான். போர்க்காலத்தில் ஸ்கிபா குடும்பம்தான் அவர்களைக் காட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்டது. பிறகு நடந்ததை ஃபெலிக்ஸ் ஒரு பேரத்தின் பேரில் சொல்கிறான்: வீட்டுக்கு உரிமை கோராதீர்கள், இடத்தைக் காட்டுகிறேன். படத்தின் மையம் அடுத்து வரும் காட்டுக் காட்சி. அவனே மண்வெட்டியால் தோண்டுகிறான். எலும்புகள் வெளிப்படுகின்றன. வாண்டா மகனின் மண்டையோட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறாள். குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஃபெலிக்ஸிடம், நான் ஏன் இதற்குள் இல்லை என்று இடா கேட்கிறாள். நீ கைக்குழந்தை, யூதர் என்று யாருக்கும் தெரியாது, பாதிரியாரிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் கறுத்த முடிக்காரன், சுன்னத்து செய்தவன் என்கிறான். கொன்றது அப்பா அல்ல, நான்தான் என்பதையும் சொல்கிறான். கதறல் இல்லை, பழிவாங்கல் இல்லை, மன்னிப்பு வார்த்தையும் இல்லை. காப்பாற்றியவனும் கொன்றவனும் ஒரே ஆள் என்ற உண்மையோடு அந்தப் பெண் நிற்கிறாள். பெண்கள் இருவரும் எலும்புகளை எடுத்துப் போய் லுப்ளின் யூதக் கல்லறைத் தோட்டத்தில், புதர் மண்டிய குடும்ப இடத்தில் கையாலேயே குழி பறித்துப் புதைக்கிறார்கள். சில நாட்களுக்கு மட்டும் அவர்கள் ஒரு குடும்பமாக இருந்தார்கள்.

மடத்துக்குத் திரும்பும் இடாவால் பழையபடி இருக்க முடியவில்லை. மௌனமான உணவு வேளையில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நான் இன்னும் தயாராகவில்லை என்று சுரூபத்திடம் சொல்லி வார்த்தைப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாள். இதற்கிடையில் வாண்டா தன் வீட்டில் மொசார்ட்டின் ஜூபிடர் சிம்பொனியை உரக்க ஓடவிட்டு, அறைக்குள் நடமாடிவிட்டு, சன்னல் வழியே வெளியேறி உயிரை விடுகிறாள். கேமரா நகர்வதில்லை, இசைத்தட்டு நிற்பதில்லை. அந்தத் தற்கொலையை ஒரு வீட்டு வேலை போல் எடுத்திருப்பதால்தான் அது இத்தனை அதிர்ச்சி தருகிறது.

சித்தியின் உடையையும் குதிகால் செருப்பையும் அணிந்து, அவள் சிகரெட்டையும் வோட்காவையும் இடா ருசி பார்க்கிறாள். லிஸ்ஸோடு ஓர் இரவைக் கழிக்கிறாள். இந்தப் பகுதி கொஞ்சம் அவசரமாக ஓடுகிறது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தாவித் ஒக்ரோத்னிக் நன்றாக நடித்திருந்தும் லிஸ் மெலிந்த பாத்திரம். ஆனால் இருவரின் படுக்கையறை உரையாடல் குறையை ஈடுகட்டிவிடுகிறது. கச்சேரிக்கு எங்களோடு வா என்கிறான். பிறகு என்று கேட்கிறாள். நாய் வளர்ப்போம், கல்யாணம், பிள்ளைகள், வீடு. பிறகு? எல்லாருக்கும் உள்ள வாழ்க்கைதான் என்கிறான். விடியற்காலையில் அவள் துறவற உடையை அணிந்து கிளம்புகிறாள். கிட்டத்தட்டப் படம் முழுக்க அசையாமல் நின்ற கேமரா இப்போது கைகளில் ஏறி, சாலையில் அவளுக்கு முன்னால் குலுங்கியபடி பின்வாங்குகிறது. காட்சிக்கு வெளியிலிருந்து முதன்முறையாக இசை வருகிறது: பாஹ். அவள் மடத்துக்குத்தான் போகிறாளா என்பதைப் படம் சொல்லவில்லை. மடத்துக்கே போனாலும் அது பழைய அன்னா எடுத்த முடிவல்ல. என்ன துறக்கிறோம் என்பது தெரிந்தவள் எடுத்த முடிவு. நடையின் வேகத்திலேயே அது தெரிகிறது.

வெளிவந்த ஆண்டே க்தீனியா விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற ‘இடா’, 2014-இல் ஐரோப்பிய திரைப்பட விருதுகளில் சிறந்த படமாகவும், 2015-இல் ஆஸ்கரில் சிறந்த பிறமொழிப் படமாகவும் தேர்வு பெற்றது. அந்த ஆஸ்கரை வென்ற முதல் போலந்துப் படம் இதுவே. நாட்டுக்குள் வரவேற்பு அவ்வளவு சுமுகமாக இல்லை. போலந்து ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது, யூதர்களைக் காப்பாற்றிய போலந்துக்காரர்களும் உண்டு என்று படத்தில் குறிப்பு சேர்க்க வேண்டும் எனத் தேசியவாத அமைப்பொன்று கையெழுத்து வேட்டை நடத்தியது. இடதுசாரிப் பக்கத்திலிருந்து வந்த குறை நேரெதிரானது: ரத்தக்கறை படிந்த கம்யூனிஸ்ட் யூதப் பெண் என்ற பழைய வார்ப்பை வாண்டா உறுதிப்படுத்துகிறாள் என்றார்கள். 1941-இல் யெட்வாப்னெ ஊரில் யூதர்களை அண்டை வீட்டாரே கொன்றதைப் பற்றி யான் கிராஸ் 2000-இல் எழுதிய நூல் கிளப்பிய விவாதம் ஆறாத நாட்டில் இவை எதிர்பார்க்கக்கூடியவை. இரண்டாவது குறையில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் காட்டிலிருந்து மகனின் எலும்பைச் சுமந்து வரும் வாண்டாவை வெறும் வார்ப்பு என்று ஒதுக்க முடியாது.

பாவ்லிகோவ்ஸ்கி 2018-இல் எடுத்த ‘கோல்டு வார்’ படத்துக்கும் ஜால்தான் ஒளிப்பதிவாளர். அதே 4:3 சட்டகம், அதே கறுப்பு வெள்ளை. ‘இடா’வில் ஓட்டல் மேடைப் பாடகியாகச் சிறிது நேரம் வந்துபோன யொவான்னா குலிக் அதில் நாயகி. கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற அந்தப் படத்தைப் பாவ்லிகோவ்ஸ்கி தன் பெற்றோருக்குக் காணிக்கையாக்கினார்.