நூலகப் பணியாளரின் பணி ஈடுபாடும் நலமும்: அளவுகோல்வழி ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் நூலகங்களிலும் பணியாற்றுவோரின் பணி ஈடுபாட்டையும் நலத்தையும் வினாநிரல்வழி அளக்கும் ஆய்வுகள் நூலக அறிவியல், மேலாண்மையியல், உளவியல் ஆகிய துறைகளில் பெருகி வருகின்றன. அவற்றுள் பரவலாகக் கையாளப்பெறும் யூட்ரெக்ட் அளவுகோல் நூலகப் பணியின் இயல்போடு எந்த அளவிற்குப் பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை வினவுகிறது. ஈடுபாடு என்பது பணியாளர் தம்முடன் கொண்டுவரும் உள்ளப் பண்பு என்பதைவிட, பணியிடம் அவருக்கு வழங்கும் பொருளுடைமை, அச்சமின்மை, உரிமை ஆகியவற்றின் விளைவு என்பது இதன் கருதுகோளாகும். சீ. இரா. அரங்கநாதனின் சென்னைப் பல்கலைக்கழகப் பணிக்காலம் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பணி ஈடுபாடு, பணியாளர் நலம், பல்கலைக்கழக நூலகம், அரங்கநாதன், யூட்ரெக்ட் அளவுகோல், உணர்ச்சி உழைப்பு

முன்னுரை

1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீ. இரா. அரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவரை நூலகப் பதவிக்கு ஈர்த்தது நூல்கள் மீதான காதலன்று. ஆசிரியப் பணியினும் கூடுதலான ஊதியமே. பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அப்பணி அவருக்குச் சலித்துவிட்டது. மீண்டும் கற்பித்தலுக்கே திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று நூலகப் பணியைக் கற்று வருமாறும், அதன் பின்னும் விருப்பம் ஏற்படவில்லையெனில் பழைய பணிக்கே திரும்பலாம் என்றும் அவருக்குக் கூறப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்று, இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரில் கண்டு, 1925இல் திரும்பிய அரங்கநாதன் வேறொரு மனிதராக இருந்தார். அடுத்த இருபதாண்டுகள் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம், வாரத்தின் ஏழு நாட்களும், விடுப்பின்றி அவர் உழைத்ததாக வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. தமது திருமண நாளன்றே பிற்பகலில் நூலகத்திற்குத் திரும்பினார் என்பதும் அக்குறிப்புகள் தரும் செய்தி.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12 அன்று கொண்டாடப்பெறும் நூலகர் நாள் விழாக்களில் இரண்டாவது அரங்கநாதனையே நாம் போற்றுகிறோம். முதல் அரங்கநாதன், அதாவது வெறிச்சோடிய அறையில் அமர்ந்து இப்பணி வேண்டாம் என்று எண்ணியவர், அவ்விழாக்களில் ஒரு சுவையான முன்கதையாக மட்டுமே வந்துபோகிறார். பணி ஈடுபாடு பற்றிய ஆய்வுகளுக்கு இவ்விருவருள் மிகவும் தேவைப்படுபவர் முதலாமவரே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. 1924 சனவரியில் அவரிடம் ஒரு வினாநிரல் தரப்பட்டிருந்தால் அவர் ‘ஈடுபாடு குன்றிய பணியாளர்’ என்று வகைப்படுத்தப்பட்டிருப்பார். நான்காண்டுகள் கழித்து அதே வினாநிரல் அவரை உச்சத்தில் நிறுத்தியிருக்கும். இடையில் மாறியது அவரது மனப்பாங்கு மட்டுமன்று. பணி பற்றிய அறிவும், அதனைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்குக் கிடைத்திருந்தன.

ஈடுபாடு என்னும் கருத்தாக்கம்

பணி ஈடுபாடு குறித்த கல்விப்புலச் சிந்தனைக்கு வித்திட்டவராக வில்லியம் கான் கருதப்படுகிறார். 1990இல் வெளிவந்த அவரது கட்டுரை, ஒரு கோடை முகாமின் வழிகாட்டிகளையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தின் பணியாளர்களையும் நேரில் உற்றுநோக்கியும் உரையாடியும் எழுதப்பெற்றது. மனிதர் தம் பணியில் தம்மை வெளிப்படுத்திக்கொள்வதும் பின்வாங்கிக்கொள்வதும் தருணத்திற்குத் தருணம் மாறுவன என்பது அவர் கண்டது. இப்பணியில் பொருள் இருக்கிறதா, இங்கே என்னை வெளிப்படுத்துவது பாதுகாப்பானதா, அதற்கான ஆற்றல் இப்போது என்னிடம் இருக்கிறதா என்னும் மூன்று வினாக்களைப் பணியாளர் தம்மை அறியாமலே கேட்டுக்கொள்கிறார் என்றார் கான்.

2002இல் ஷௌஃபெலியும் அவருடன் ஆய்ந்தோரும் ஈடுபாட்டை வேறு வகையில் வரையறுத்தனர். அவர்களுக்கு அது தருணம் சார்ந்ததன்று. நீடித்துப் பரந்து நிற்கும் ஒரு மனநிலை. ஊக்கம், அர்ப்பணிப்பு, ஆழ்ந்துபோதல் என்னும் மூன்று கூறுகள் அதற்கு உண்டு. இவற்றை அளக்கும் யூட்ரெக்ட் அளவுகோல் பதினேழு கூற்றுகளைக் கொண்டது. ஒவ்வொரு கூற்றும் எவ்வளவு அடிக்கடி உண்மையாகிறது என்பதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்னும் சுழியம் முதல் ‘எப்போதும்’ என்னும் 6 வரை மதிப்பெண் இடப்படும். 2006இல் இது ஒன்பது கூற்றுகளாகச் சுருக்கப்பட்டது. கான் முகாமில் தங்கிக் கண்டதை இன்று ஐந்து நிமிடத்தில் நிரப்பி முடித்துவிடலாம். இந்த எளிமையே அளவுகோலின் பரவலுக்குக் காரணம். ஆனால் தருணங்களின் ஏற்ற இறக்கமாக இருந்த ஒன்று, இம்மாற்றத்தில் மனிதரின் நிலையான பண்புபோல ஆகிவிட்டது.

தமிழாக்கம் இச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. ‘ஈடுபாடு’ நமக்கு நடுநிலையான கலைச்சொல்லன்று. வைணவ உரை மரபில் ஆழ்வார்கள் இறைவனிடத்துக் கொண்ட உருக்கத்தைக் குறித்து வழங்கிய சொல் அது. ‘ஈடுபடு’ என்னும் வினைக்கு அகப்படுதல் என்ற பொருளும் உண்டு. ‘ஊக்கம்’ என்றதும் திருக்குறளின் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய அதிகாரங்களின் அறச்சாயல் உடன்வருகிறது. ஊக்கமில்லை என்று குறியிடும் பணியாளர் தம் மனநிலையைத் தெரிவிப்பதோடு, மடியுடையவர் என்று தம்மீது தாமே ஒரு குற்றத்தையும் சுமத்திக்கொள்கிறார். இத்தகைய சொற்களுக்குத் தமிழ்ச்சூழலில் குறைந்த மதிப்பெண் இடுவது எளிதன்று. மொழிபெயர்க்கப்பட்ட வினாநிரலின் நம்பகத்தன்மைக் கெழுவைத் தரும் ஆய்வேடுகள், அச்சொற்கள் கேட்போர் உள்ளத்தில் என்ன பொருள் தருகின்றன என்பதையும் ஆராய்ந்திருக்க வேண்டும்.

ஆழ்ந்துபோதலும் நூல் வழங்குமிடமும்

அளவுகோலின் மூன்றாம் கூறே நூலகத்திற்கு மிகவும் பொருந்தாதது. பணியில் நேரம் போவது தெரியாதிருத்தல், சுற்றியுள்ளவற்றை மறந்துவிடுதல், பணியிலிருந்து தம்மை விடுவித்துக்கொள்ள இயலாதிருத்தல் ஆகியன ஆழ்ந்துபோதலின் அடையாளங்களாக அங்குக் கொள்ளப்படுகின்றன. நூற்பட்டியல் ஆக்குபவருக்கும் பகுப்பாக்கம் செய்பவருக்கும் இது பொருந்தலாம். நூல் வழங்குமிடத்தில் இருப்பவரின் பணியே இடையீடுதான். ஒருவருக்கு நூலைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே மற்றொருவர் கழிப்பறை எங்கே என்று கேட்பார். மூன்றாமவர் உறுப்பினர் அட்டையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பார். பார்வை நூல் பிரிவில் அமர்ந்திருப்பவர் சுற்றியுள்ளவற்றை மறந்து பணியில் ஆழ்ந்துவிட்டால், தயங்கித் தயங்கி வாயிலில் நிற்கும் முதலாண்டு மாணவரை அவர் காணமாட்டார். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்னும் அரங்கநாதனின் நான்காம் விதி அங்கே முறிந்துவிடும். எனவே, அப்பிரிவின் தேர்ந்த பணியாளர் ஆழ்ந்துபோதலில் குறைந்த மதிப்பெண் பெறுவதே இயல்பு. அதனை ஈடுபாட்டுக் குறைவு என்று படிக்கும் ஆய்வு, நல்ல பணியைக் குறையாகப் பதிவு செய்கிறது.

பணியிலிருந்து விடுபட இயலாமை மேன்மையாக எண்ணப்படுவதும் ஐயத்திற்குரியது. ஷௌஃபெலியே பிற்காலத்தில், 2008இல் வெளியான ஒரு கட்டுரையில், பணிவெறியையும் பணி ஈடுபாட்டையும் வேறுபடுத்திக் காட்ட முயன்றார். உள்ளிருந்து துரத்தும் கட்டாயத்தால் உழைப்பது பணிவெறி. மகிழ்ச்சியால் உழைப்பது ஈடுபாடு. வேறுபாடு கோட்பாட்டளவில் தெளிவானதே. திருமண நாளின் பிற்பகலில் நூலகத்திற்குத் திரும்பியவரை இவற்றுள் எதில் அடக்குவது? புகழுரைகள் அதைக் கேட்பதில்லை. அந்த இருபதாண்டுகளில் வீட்டைச் சுமந்தவரின் நலத்தை அளக்கவும் எந்த வினாநிரலும் இல்லை. (அவர் துணைவியார் சாரதாவின் பெயர் 1961இல் நிறுவப்பெற்ற அறக்கட்டளையில் நிலைத்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

நலத்தையும் ஈடுபாட்டையும் தொடர்புபடுத்தல்

ஈடுபாடு மிகுந்தோர் நலமாகவும் இருக்கின்றனர் என்பது இவ்வகை ஆய்வுகளில் காணப்பெறும் முடிபு. இம்முடிபின் ஒரு பகுதியை அளவுகோல்களே உருவாக்கிவிடுகின்றன. நலத்தை அளக்கப் பயன்படும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐங்கூற்றுக் குறியீட்டெண், கடந்த இரு வாரங்களில் ஒருவர் சுறுசுறுப்பாகவும் ஊக்கத்துடனும் இருந்தாரா, புத்துணர்வுடன் விழித்தெழுந்தாரா, அவரது அன்றாட வாழ்வு ஆர்வமூட்டுவனவற்றால் நிறைந்திருந்ததா என்று கேட்கிறது. யூட்ரெக்ட் அளவுகோலின் ஊக்கப் பகுதி பணியில் ஆற்றல் பெருகுகிறதா, காலையில் எழுந்ததும் பணிக்குச் செல்லத் தோன்றுகிறதா என்று கேட்கிறது. ஏறத்தாழ ஒரே வினாவை ஒருவரிடம் ஒரே அமர்வில் இருமுறை கேட்டுவிட்டு, விடைகள் ஒத்துப்போவதைக் கண்டுபிடிப்பாக அறிவிக்க முடியாது. ஈடுபாட்டால் நலம் விளைகிறதா, நலமுடையோர் ஈடுபடுகின்றனரா என்பதும் ஒருமுறை மட்டுமே தரவு திரட்டும் ஆய்வுகளால் தெளிவுறாது.

யாருடைய சராசரி?

‘பல்கலைக்கழக நூலகப் பணியாளர்’ என்று ஒரு தொகுதி உண்மையில் இல்லை. நூலகர், துணை நூலகர், உதவி நூலகர் ஆகியோர் பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைகளுக்கு உட்பட்டவர்கள். ஆசிரியர்க்கு நிகரான ஊதிய விகிதம் அவர்களுக்கு உண்டு. அதே கூரையின் கீழ் அலுவலகப் பணியாளர் விதிகளுக்குட்பட்ட உதவியாளர்களும், தொகுப்பூதியத்தில் உள்ளோரும், ஒப்பந்த நிறுவனத்தின்வழி வந்த துப்புரவுப் பணியாளரும் இருக்கின்றனர். இவர்கள் அனைவரின் விடைகளையும் கூட்டி வகுத்துப் பெறும் சராசரி அவர்களுள் ஒருவருடைய நிலையையும் காட்டாது.

இதனினும் தீவிரமானது, வினாநிரல் வழங்கப்பெறும் முறை. சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இத்தகைய படிவங்களைத் தாமே வழங்கியதுண்டு. அனுமதி வேண்டியபோது, படிவங்களை அலுவலகத்தின் வழியாகவே தந்து அலுவலகத்தின் வழியாகவே பெற்றுக்கொள்ளுமாறு கூறப்பட்டது. படிவத்தைக் கையில் வாங்கிய மூத்த உதவியாளர் ஒருவர் கேட்டது ஒன்றே: “மேடம், இத லைப்ரேரியன் சார் பாப்பாருங்களா?” கானின் இரண்டாம் வினா அதுதான். வெளிப்படுத்துவது பாதுகாப்பானதா என்னும் ஐயம் தீராத நிலையில் அவர் இட்ட குறிகள் ஈடுபாட்டை அளந்தனவா, அச்சத்தை அளந்தனவா? அத்தரவை இக்கட்டுரையாளர் பயன்படுத்தவில்லை.

புனிதப் பணி என்னும் சுமை

அமெரிக்க நூலகர் ஃபொபாஸி எட்டார் 2018இல் எழுதிய கட்டுரையொன்று நூலகத் துறையில் பெரும் விவாதத்தை எழுப்பியது. நூலகம் இயல்பிலேயே நல்லது, புனிதமானது, எனவே விமர்சனத்திற்கு அப்பாற்பட்டது என்னும் நம்பிக்கைகளின் தொகுப்பைப் பணி மீதான புனித வியப்பு என்று அவர் சுட்டினார். பணி புனிதமாகும்போது ஓய்வு கேட்பதும் ஊதியம் கேட்பதும் பக்திக் குறைவாகிவிடும் என்பது அவர் வாதம். போதைமருந்தின் மிகையால் மயங்கி விழுவோர்க்கு மாற்றுமருந்து கொடுக்கும் பொறுப்பும் அந்நாட்டு நூலகர் மீது ஏற்றப்பட்டமையை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

நம் சூழலில் அத்தகைய மருத்துவப் பொறுப்பு இல்லை. ஆயினும் நூலகத்தை அறிவுத் திருக்கோயில் என்றும் நூலகரின் பணியைத் தொண்டு என்றும் அழைக்கும் வழக்கம் எட்டார் கூறியதற்கு மிக நெருங்கியது. அத்தொண்டின் எல்லை விரிந்துகொண்டே செல்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் ஏற்றுதல், தர மதிப்பீட்டுக் குழுவின் வருகைக்கு ஆவணம் திரட்டுதல், ஒப்புமைச் சோதனை ஆகியன வழக்கமான பணிகளின்மேல் ஏறியவை. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருப்பின் தண்டனையில்லை என வரையறுத்தன. பதினொன்று, பன்னிரண்டு என்று எண் வரும்போது, ஆய்வேட்டை ஒப்படைக்கும் இறுதி நாளில் கண்கலங்கி நிற்கும் ஆய்வாளரையும், தொலைபேசியில் சினக்கும் நெறியாளரையும் எதிர்கொள்பவர் நூலக உதவியாளரே. அந்த எண்ணை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. முகம் சுளிக்கும் உரிமையும் இல்லை. 1983இல் ஆர்லி ஹாக்ஷீல்டு விமானப் பணிப்பெண்களை ஆய்ந்து ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயரிட்டது இதனையே. பணிச்சுமையையும் பணிவளங்களையும் ஒருசேர நோக்கும் கோட்பாட்டு மாதிரி 2001 முதலே உண்டு. அதனை மேற்கோள் காட்டிவிட்டு ஈடுபாட்டுக் கூற்றுகளை மட்டும் வழங்கி முடிக்கும் ஆய்வுகளில் இச்சுமை எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை. பதிவாகாத நிலையில், பரிந்துரைப் பகுதியில் யோகப் பயிற்சியும் ஊக்கவுரையும் எழுதப்படுவதில் வியப்பில்லை.

படிவங்களைக் கைவிட்ட பின், மேற்கூறிய மூத்த உதவியாளருடன் இக்கட்டுரையாளர் இரு பிற்பகல்கள் அமர்ந்திருந்தார். அவர் குறைகூறவில்லை. தமக்குப் பிடித்தது காலையில் கதவு திறக்கும் முன் உள்ள அரைமணி நேரம் என்றார். இடம்மாறி வைக்கப்பட்ட நூல்களை அடுக்கில் அவற்றின் எண்ணுக்குத் திருப்பி வைக்கும்போது தம்மை யாரும் அழைப்பதில்லை என்றார். புதிய வருகைப்பதிவுக் கருவி வந்தபின் அந்த அரைமணி பணிநேரமாகக் கணக்கிடப்படுவதில்லை. எனினும் அவர் முன்னதாகவே வருகிறார்.