குணாவின் குகையும் ஸ்டாக்ஹோம் வங்கியும்

கடத்தியவன் மேலேயே கடத்தப்பட்டவளுக்குப் பாசம் வந்துவிட்டால், 'அது ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்ப்பா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். 1991 தீபாவளிக்கு வெளிவந்த 'குணா'வைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இதே தீர்ப்புதான். சந்தானபாரதி இயக்கிய அந்தப் படத்தில், மனம் பிறழ்ந்த குணா (கமல்ஹாசன்) ரோகிணி என்ற செல்வந்தர் வீட்டுப் பெண்ணைத் தன் அபிராமியாகவே நம்பி, கோயிலிலிருந்து தூக்கிச் சென்று மலைக்குகையில் வைக்கிறான். முதலில் வெறுத்தவள் பிறகு அவனை நேசிக்கிறாள். இதை நோய் என்று சொல்லலாமா? அந்தச் சொல் பிறந்த கதையை முதலில் பார்ப்போம்.

1973 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாக்ஹோம் வங்கியொன்றில் துப்பாக்கியோடு நுழைந்த கொள்ளையன், 4 ஊழியர்களைப் பிணையாக வைத்தான். அவர்களில் 3 பேர் பெண்கள். முற்றுகை 28ஆம் தேதி வரை நீடித்தது. கிறிஸ்டின் என்மார்க் என்ற 23 வயதுப் பெண் உள்ளிருந்தபடியே பிரதமர் ஓலோஃப் பால்மேயுடன் தொலைபேசியில் பேசினார். கொள்ளையரை நம்புவதாகவும், போலீஸ் பாய்ந்து தாக்கினால் தாங்கள் செத்துவிடுவோமோ என்றே அஞ்சுவதாகவும் சொன்னார். அப்போது போலீசுக்கு ஆலோசகராயிருந்த மனநல மருத்துவர் நில்ஸ் பேயரோட் இந்தப் போக்குக்கு வைத்த பெயர்தான் பிறகு ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் ஆனது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் அதற்குத் தனி இடம் இல்லை. என்மார்க்கும் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. உயிர் பிழைக்க அவர் போட்ட கணக்கு, வெளியே நின்றவர்களுக்குப் புத்திக் கோளாறாகத் தெரிந்தது.

இப்போது குகைக்குத் திரும்புவோம். ரோகிணிக்கு வெளியே யார் இருக்கிறார்கள்? அவள் சொத்தைக் குறிவைத்து, அவளைத் தீர்த்துக்கட்டத் துடிக்கும் காப்பாளன். கடைசியில் அவள் உயிரை எடுப்பவனும் அவனே, கடத்திய குணா அல்ல. ஆக, அவள் மனமாற்றத்துக்குப் படத்துக்குள்ளேயே காரணம் இருக்கிறது. சீட்டு ஒட்டும் அவசரத்தில் நாம்தான் அதைப் பார்க்கத் தவறுகிறோம்.

அதற்காகப் படத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எல்லோரும் கொண்டாடும் அந்தக் கடிதப் பாட்டைக் கவனியுங்கள். குணா சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பேனா அவள் கையில், வார்த்தைகள் அவனுடையவை. அவன் காதலின் ஆழம் நமக்குத் தெரிகிறது. அவள் என்ன கணக்குப் போட்டாள், எதற்குப் பயந்தாள், எந்த நொடியில் மாறினாள் என்பது தெரியவில்லை. கடத்தல் கடத்தல்தான். அவள் தரப்பைச் சொல்லாமல் அதைத் தெய்வீகக் காதலாக்கிவிட்டது படம். அவள் தரப்பைக் கேட்காமல் அதை நோயாக்கிவிட்டோம் நாம். இரண்டிலும் அவளுக்குப் பேச்சில்லை.

இது சினிமாவோடு நிற்கிற விஷயமா? தாராவிச் சந்தானாலும் செம்பூர் அடுக்குமாடியானாலும், அடிக்கிற புருஷனோடேயே காலம் தள்ளும் பெண்ணைப் பார்த்து, 'அவளுக்கு அவன்தான் வேணும்னா நாம என்ன பண்றது?' என்கிறோம். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தையோடு அவள் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள், ஊருக்குப் போனால் பிறந்த வீட்டில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதையெல்லாம் அவள் எப்போதோ யோசித்து முடித்திருப்பாள். நாம்தான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.