பஸ் கதவு திறக்கும் முன்னே...

குன்றாண்டார்கோவில் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். குன்றைக் குடைந்து சிவன் கோயில், கி.பி. 8-ம் நூற்றாண்டு. அதற்கு முன்னால் குதிரை, சக்கரமெல்லாம் வைத்து தேர் மாதிரியே கட்டிய நூற்றுக்கால் மண்டபம். சித்தன்னவாசலுக்குப் போகிற கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தக் கல் குதிரை பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு பள்ளிக்கூட டூர் பஸ் வந்து நின்றது. கதவு திறக்கும் முன்பே டீச்சரம்மா குரல் வெளியே கேட்டது. 'யார்கிட்டயும் பேசக் கூடாது... எதையும் தொடக் கூடாது... யார் எதைக் குடுத்தாலும் வாங்கக் கூடாது!' பிள்ளைகள் இறங்கின. ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர், 'எந்த ஊரு கண்ணுகளா?' என்று சிரித்தார். முன்னால் நின்ற மூன்று பெண் பிள்ளைகள் மிரண்டு பின்னால் போய்விட்டன. என்னைப் பார்த்தும்தான். பிள்ளை பிடிக்கிறவன் முகமா சார் எனக்கு?

எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஓர் இஸ்ரேலிய டாக்குமென்டரி. பேர் 'டெஃபமேஷன்'. 2009-ல் வந்தது. இயக்குநர் யோவ் ஷமீர். ராணுவச் சோதனைச் சாவடிகளை வைத்து 'செக்பாயின்ட்' எடுத்தாரே, அதே ஆள்தான். யூத வெறுப்பு என்பது இன்று உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு தேடுகிறார். நடுநடுவே, போலந்துக்குச் சுற்றுலா போகும் ஒரு பள்ளி மாணவர் குழுவோடும் பயணிக்கிறார்.

1988-லிருந்து நடக்கும் வழக்கம் இது. கொரோனாவுக்கு முன்பு வருஷத்துக்குச் சுமார் 40,000 இஸ்ரேலிய மாணவர்கள் போனார்கள். ஆஷ்விட்ஸில் 11 லட்சம் பேரைக் கொன்றான் ஹிட்லர். அதில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். தாத்தா பாட்டிகள் செத்த மண்ணைப் பேரப் பிள்ளைகள் போய்ப் பார்க்கட்டும் என்பதில் யாருக்கு என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

ஆட்சேபணை, பயணம் தொடங்கும் விதத்தில் இருக்கிறது. கூடவே பாதுகாப்பு அதிகாரி. ராத்திரி ஹோட்டலை விட்டு நகரக் கூடாது, உள்ளூர்க்காரர்களிடம் ஒட்டக் கூடாது, அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது... இது முதல் பாடம். அப்புறம் அந்தக் காட்சி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் போலந்து கிழவர்கள் இந்தப் பெண்களிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். பாஷை புரியவில்லை. பெண்களோ தங்களைத் திட்டிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். திட்டவே இல்லை என்பது சப்-டைட்டில் படிக்கிற நமக்குத் தெரிகிறது.

நான் பி.காம். எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், ஒரு வியாபாரமும் நடக்கும் முன்பே 'ஆரம்ப இருப்பு' என்று பயத்தை எழுதிவிட்டார்கள். அப்புறம் வருகிற வரவெல்லாம் அதன்மேல்தானே ஏறும்?

படத்தில் ரொம்பப் பிடித்தது ஷமீரின் பாட்டி. வெளிநாட்டு யூதர்கள் எல்லாம் உழைக்காமல் பணம் பண்ணுகிறவர்கள் என்று கிழவி பொரிந்து தள்ளுகிறார். யூதர்களை வெறுக்கிறவர்கள் பேசுகிற அதே பேச்சு, யூதப் பாட்டி வாயால்! ஷமீர் வாதாடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல டைரக்டருக்கு அழகு அது.

ஆனால், மனுஷர் மற்ற இடங்களில் கொஞ்சம் சுலபமாகச் சிரித்துவிடுகிறார். அந்தப் பாதுகாப்பு அதிகாரியை ஏறக்குறைய காமெடியன் ஆக்கிவிட்டார். படம் வருவதற்கு முந்தின வருஷம், 2008 நவம்பரில்தான், நம்ம மும்பை நரிமன் ஹவுஸில் யூதர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். 2012 ஜூலையில் பல்கேரியாவின் புர்காஸ் விமான நிலையத்தில் இஸ்ரேலிய டூரிஸ்டுகள் இறங்கி பஸ் ஏறினார்கள். சுற்றுலாவின் முதல் நாள். குண்டு வெடித்தது. ஐந்து இஸ்ரேலியர்களும் உள்ளூர் டிரைவரும் செத்தார்கள். 'எல்லாம் வெறும் பிரமை' என்கிற தொனியில் எடுத்த காட்சிகளை இன்றைக்குப் பார்த்தால் நெளிய வேண்டியிருக்கிறது. அதிகாரிக்குப் பயம் இருந்ததில் தப்பில்லை. அதை 16, 17 வயசுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றியதுதான் தப்பு. இந்த இரண்டையும் ஷமீர் பிரிக்கவில்லை. அங்கேதான் படம் சறுக்குகிறது.

2022-ல் பாதுகாவலர்களின் துப்பாக்கி, பிள்ளைகளுக்கு என்ன வரலாறு சொல்வது என்ற தகராறுகளில் அந்தச் சுற்றுலாவே நின்றுபோனது. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டுத்தான் வழி பிறந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளும் இவர்களும் சந்தித்துப் பேச வேண்டும் என்பது போலந்துக்காரர்களின் ரொம்ப நாள் ஆசை.

நம்ம டூர் பஸ் இருபதே நிமிஷத்தில் கிளம்பிவிட்டது. 'அந்தக் குகையை முழுசா ஒரே பாறையில குடைஞ்சது தெரியுமா?' என்று டிரைவரிடம் சொன்னேன். 'அப்படியா சார்? ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாமே' என்றார். சொல்லியிருக்கலாம். யார் பக்கத்தில் விட்டார்கள்?

படம் கிடைத்தால் பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான். அந்த பெஞ்ச் காட்சியில் மட்டும் சப்-டைட்டிலை விட்டுக் கண்ணை எடுத்துவிடாதீர்கள்.