முப்பது மாடிப் பொய்

ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் சுற்றிவரும் கேள்வி அட்டைகளில் ஒன்று, உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்த அல்லது பிடிக்காத உயரமான கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்கிறது. எங்கே இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, பார்க்க எப்படி இருக்கும், ஏன் பிடிக்கும் அல்லது பிடிக்காது என்று துணைக்கேள்விகளும் அதிலேயே இருக்கும். இதற்குத் திருச்சிப் பயிற்சி மையங்களில் கைமாறி வரும் விடையில், ‘இன் தி ஹார்ட் ஆஃப் தி சிட்டி’ முப்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. உச்சியில் உணவகம். குடும்பத்தோடு போன வார இறுதி. ‘பிரெத்-டேக்கிங் வியூ’. திருச்சியில் அப்படி ஒரு கட்டடம் கிடையாது என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இன்னும் துணிந்தவர்களுக்கு புர்ஜ் கலிஃபா இருக்கிறது: 828 மீட்டர், 2010 ஜனவரியில் திறப்பு விழா, துபாயில் ஒரு மாமா. ‘உங்கள் ஊரில்’ என்று கேட்டார்களே என்றால், அதைச் சமாளிக்கவும் ஒரு வாக்கியம் தயாராக உண்டு.

இதை மறைவாகச் செய்த வரையில் பேசாமல் இருந்துவிடலாம். இப்போது இது ஒரு முறையாகவே நியாயப்படுத்தப்படுகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் இல்லை, நாங்கள் விஷயத்தைக் கொடுக்கிறோம். தேர்வாளர் உண்மையா பொய்யா என்று பார்ப்பதில்லை, ஆங்கிலத்தைத்தான் பார்க்கிறார். ஒரு கட்டடத்தை நன்றாக உருவேற்றிவிட்டால் அதையே மறக்க முடியாத இடம், சுற்றுலாப் பயணம், நவீனக் கண்டுபிடிப்பு என்று ஐந்தாறு அட்டைகளுக்குத் திருப்பிப் போடலாம். இதுதான் வாதம்.

வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். ஒருமுறை தவறினால் மறுபடி கட்ட வேண்டும். பிரிட்டனின் செவிலியர் மன்றம் பேச்சில் 7 பேண்ட் (மதிப்பெண் நிலை) கேட்கிறது, 6.5 வாங்கிய செவிலியருக்கு அந்த அரைப் புள்ளியில் ஓராண்டு போய்விடும். தேர்வாளர் உண்மை பார்ப்பதில்லை என்பதும் சரி. சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கண வீச்சும் பிழையின்மையும், உச்சரிப்பு ஆகிய நான்கு அளவைகளில் உண்மைக்கு மதிப்பெண் இல்லை. அந்நிய மொழியில் வாய் திறக்கவே கூசும் பெண்ணுக்கு, தொடங்குவதற்கு நாலு வாக்கியம் கையில் இருந்தால் தெம்புதான். உருப்போட்டுப் படிப்பது நம் கல்வியில் புதிதும் இல்லை, முழுக்க இழிவும் இல்லை.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் மறுப்பு அப்படியே நிற்கிறது. இந்த முறை மாணவரிடமிருந்து பேசுபொருளைப் பறித்துக்கொண்டு மொழியை மட்டும் கொடுக்கப் பார்க்கிறது. பேசுபொருள் இல்லாத மொழி வாயில் நிற்காது.

தேர்வின் அமைப்பிலேயே இதைப் பார்க்கலாம். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, படிப்பு, வேலை பற்றிய சிறு கேள்விகள். இரண்டாம் பகுதியில் அட்டை: குறிப்பெழுத ஒரு நிமிடம், பேச ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மூன்றாம் பகுதியில் அதே பொருளை ஒட்டி நாலைந்து நிமிட உரையாடல். மனப்பாட விடை உதவுவது நடுவிலுள்ள அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் தன் தெருவைப் பற்றித் தட்டுத் தடுமாறிய பிள்ளை, அட்டை வந்ததும் திடீரென்று ‘ஆர்க்கிடெக்சரல் மார்வல்’ என்று தங்குதடையின்றிப் பொழிகிறது. பிறகு தேர்வாளர் கேட்கிறார்: நகரங்களில் உயரமான கட்டடங்கள் ஏன் பெருகுகின்றன? அடுக்குமாடியில் வாழும் முதியவர்களுக்கு என்ன சிரமம்? பழைய கட்டடத்தை இடித்துப் புதியது கட்டலாமா? பிள்ளை மறுபடி தடுமாறுகிறது. பயிற்சி பெற்ற காதுக்கு இந்த ஏற்ற இறக்கம் கேட்காமல் போகுமா? ஐயெல்ட்ஸ் அமைப்பு வெளியிட்டிருக்கும் பேண்ட் விளக்கங்களில், மனப்பாடம் செய்ததாகத் தோன்றும் தொடர்கள் 3ஆம் பேண்டுக்குரிய விளக்கத்தில் வருகின்றன. ஏழுக்கு ஏறுவதற்கென்று விற்கப்படும் ஏணி அந்தப் படியில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

தயாரிப்புக்குக் கிடைக்கும் ஒரு நிமிடத்தையும் கவனியுங்கள். அது யோசிப்பதற்காகக் கொடுக்கப்படுவது. மனப்பாடம் செய்தவர் அதை நினைவுகூரச் செலவிடுகிறார். ஒரு வாக்கியம் தவறிப்போனால் அடுத்தது எது என்று தேடுகிறார். கண்ணால் பார்த்ததைச் சொல்பவருக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. ஒரு சொல் வராவிட்டால் வேறு சொல்லால் சுற்றிவந்து சொல்லிவிடலாம், ஏனென்றால் சொல்லவேண்டிய பொருள் அவர் கண்முன் இருக்கிறது. அப்படிச் சுற்றிவந்து சொல்வதற்கும் சொல்வளத்தில் மதிப்பு உண்டு.

சரி, திருச்சி பக்கத்து மண்ணச்சநல்லூர்ப் பிள்ளையிடம் என்ன பேசுபொருள் இருக்கிறது என்று கேட்கிறார்களே, பார்ப்போம். கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவரங்கம். அங்கே ராஜகோபுரம்: 13 நிலை, 236 அடி. விஜயநகர அரசர் அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் வேலை பாதியில் நின்று, சில நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகிய சிங்கர் அதை எடுத்துக் கட்டி, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. இன்று இருபது வயதாகும் பிள்ளையின் தாத்தா அந்த மொட்டைக் கோபுரத்துக்குக் கீழே நடந்து போனவர். பெரிய வரலாறெல்லாம் வேண்டாம், இந்த ஒரு செய்தி போதும். ‘என் தாத்தா சின்ன வயதில் பார்த்தபோது இதற்கு உச்சி கிடையாது’ என்று தொடங்கினால் ஆங்கிலத்தின் முக்கால்வாசி இறந்தகால வடிவங்கள் தாமாக வந்து நிற்கும். முன்பு இருந்தது, அதற்கும் முன்பே நின்றுபோயிருந்தது, பிறகு கட்டி முடிக்கப்பட்டது, இப்போதும் நிற்கிறது. பயிற்சி ஆசிரியர் கரும்பலகையில் பட்டியல் போட்டு வாரக்கணக்கில் நடத்தும் இலக்கணம் இது. இங்கே பொருளே அதைக் கேட்டு வாங்குகிறது. எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்விக்கும் ‘ஷாப்பிங், எண்டர்டெயின்மெண்ட்’ என்ற தேய்ந்த பதிலுக்குப் பதிலாக, யாரும் குடியிருக்காத, அலுவலகமோ கடையோ இல்லாத ஓர் உயரம் எதற்கு என்று யோசிக்க வேண்டிவரும். மூன்றாம் பகுதிக்கான சிந்தனை இரண்டாம் பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது.

கோயில் வேண்டாமா? ஊருக்குள்ளேயே அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள் இருக்கின்றன. மண்ணச்சநல்லூர் பொன்னி என்று மூட்டையில் பெயர் போட்டு விற்கும் ஊர் இது. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்து அரிசியாக்குவது வரை பிள்ளைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. புகைபோக்கி கட்டடமா என்று கேட்கலாம். அந்தச் சந்தேகத்தையே முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டுத் தொடரலாம். அட்டையில் ‘பிடிக்காத’ என்று ஒரு சொல் இருப்பதைப் பயிற்சி மையங்கள் கண்டுகொள்வதே இல்லை. உமி எரிந்த கரி மாடியில் காயும் துணியில் வந்து படிவதால் பிடிக்கவில்லை, ஆனால் அப்பாவுக்குக் கூலி அங்கிருந்துதான் வருகிறது என்று ஒரு பிள்ளை சொல்லட்டும். ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ என்று இரண்டு பக்கமும் நிறுத்துப் பேசும் வாக்கியங்கள் அங்கே கட்டாயமாகிவிடும். உயர்ந்த பேண்டுக்கு வேண்டிய சிக்கலான வாக்கியம் இதுவேதான். முப்பது மாடிக் கண்ணாடிக் கட்டடத்தின் மேல் யாருக்கு என்ன மனக்குறை இருக்கமுடியும்? பாராட்டைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பாராட்டுக்கு அடைமொழி போதும், வாக்கியம் வேண்டாம்.

புர்ஜ் கலிஃபாவைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருச்சி விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய்க் கட்டட வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அப்பா அங்கே ஏதோவொரு கோபுரத்துக்குக் கம்பி கட்டினார், கடும் வெயிலில் மதிய வேலை நிறுத்தப்படும், போனில் அதைத்தான் சொல்வார் என்று ஒரு பெண் பேசினால், அது துபாயைப் பற்றிய பேச்சு என்றாலும் அவள் வீட்டுப் பேச்சு. ‘உங்கள் ஊரில்’ என்ற நிபந்தனையையும் ஓர் ஒப்பீட்டால் கடந்துவிடலாம்: எங்கள் ஊரில் உயரம் என்றால் ஆலைப் புகைபோக்கிதான், என் அப்பாவுக்கு உயரம் என்றால் வேறு. இந்தப் பெண்ணின் கையிலும் மாமா வீட்டுக்குச் சுற்றுலா போன கதையைத்தான் திணிக்கிறார்கள். மெருகேற்றுகிறார்களாம். ஆலையில் அளவுக்கு மீறிப் பாலிஷ் போட்டால் தவிட்டோடு சத்தும் போய்விடும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதன் கெடுதல் தேர்வறையோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிற்பதில்லை. ‘உன்னிடம் சொல்ல விஷயம் இல்லை’ என்பது ஓர் ஆசிரியர் மாணவரிடம் சொல்லக்கூடிய வார்த்தைகளிலேயே மோசமானது. அதைச் சொல்லாமல் சொல்லிப் பணமும் வாங்குகிறது இந்த முறை. பள்ளிக்கூடத்தில் தாஜ்மகாலைப் பார்க்காமலே தாஜ்மகாலுக்குச் சென்று வந்த கட்டுரை எழுதிய பிள்ளைதான் பயிற்சி மையத்துக்கு வந்து முப்பது மாடி ஏறுகிறது. ஆங்கிலம் என்பது வேறு யாரோ வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்வதற்கான மொழி, நம் ஊரும் தெருவும் அதில் அடங்காது என்ற எண்ணம் அதன் மனத்தில் ஆண்டுக்கணக்கில் படிந்துவிடுகிறது. பட்டணம் வந்து இறங்கிய கதாநாயகன் அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பதைத் தமிழ் சினிமா சலிக்கச் சலிக்கக் காட்டியது. 1959இல் திறந்த கட்டடம் அது. அந்தக் காட்சியில் இருந்த மிரட்சியாவது உண்மையானது. பார்த்தவன் பார்த்ததற்குத்தான் மிரண்டான். நம் பிள்ளைகள் பார்க்காத கட்டடத்துக்கு மிரளப் பழக்கப்படுகிறார்கள்.

அப்படி வாங்கிய ஏழோடு ஒரு செவிலியர் மான்செஸ்டரில் இரவுப் பணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் மகள் கேட்கிறாள்: அம்மா ராத்திரி எப்படி இருந்தார்? அங்கே அட்டை கிடையாது. கண்ணால் பார்த்ததை, பார்த்த வரிசையில், கேட்பவரின் பதற்றமறிந்து எளிய ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இந்த உயரமான கட்டடத்தைவிட நல்ல அட்டை கிடைக்காது. அதைத்தான் பயிற்சி மையம் மாணவரிடமிருந்து பிடுங்கி, பதிலுக்கு ஜெராக்ஸ் தாள் கொடுத்திருக்கிறது.

குற்றம் தேர்வினுடையது என்றும் சிலர் சொல்வார்கள். வானளாவிய கட்டடங்கள் உள்ள நகரத்துக்காரர்களை மனத்தில் வைத்துத் தயாரித்த கேள்வி, கிராமத்துக்கு எப்படிப் பொருந்தும் என்பார்கள். கேள்வியில் நகரத்து வாடை அடிப்பது உண்மை. இந்தியாவில் இந்தத் தேர்வு பெரிய வணிகம் என்பதும் உண்மை. 2021இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் இந்திய ஐயெல்ட்ஸ் தொழிலை மட்டும் ஐ.டி.பி. நிறுவனம் 13 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஆனால் எத்தனை மாடி இருந்தால் உயரம் என்று அட்டையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஓட்டுவீடுகளுக்கு நடுவே நிற்கும் மேல்நிலை நீர்த்தொட்டியும் அந்த ஊருக்கு உயரம்தான். அந்த அளவுக்கு அட்டை இடம் விட்டிருக்கிறது. முப்பது மாடிக்குக் குறைந்ததை ஆங்கிலத்தில் சொல்லக்கூடாது என்று விதி போட்டவர்கள் லண்டனிலோ கேம்பிரிட்ஜிலோ இல்லை.

மனப்பாடத்தை அடியோடு விட்டுவிடச் சொன்னால் நடக்காது. தொடங்கும் முறை, யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளும் முறை, கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கும் முறை இவற்றை உருப்போடட்டும், தவறில்லை. பேசுபொருளை மட்டும் விட்டுவிட வேண்டும். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் பெற்றோர் ஒன்று செய்யலாம். மூன்றாம் வாரம் பிள்ளையைக் கூப்பிட்டு ஊரில் ஏதாவது ஒரு கட்டடத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் ஊர்ப் பெயர், தெருப் பெயர், ஆட்களின் பெயர் காதில் விழும். ஒரு பெயர்கூட விழாவிட்டால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.