சப்ஜில்லா மேடையில் பாட்டு கேட்பது எப்படி?

ஸ்வீடனின் 'அப்பா' இசைக்குழு 1974-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றது பலருக்குத் தெரியும். முந்தைய வருஷம் அதே நால்வரும் சொந்த நாட்டுத் தேர்விலேயே மூன்றாம் இடத்தில் நின்றுபோனது அவ்வளவாகத் தெரியாது. யூரோவிஷனுக்கு ஒரு நாடு ஒரே ஒரு பாட்டைத்தான் அனுப்ப முடியும். அதைத் தேர்ந்தெடுக்க ஸ்வீடனில் வாரக்கணக்கில் சுற்றுப் போட்டிகள் நடக்கின்றன. இத்தாலியில் இந்தத் தேர்வாக அமையும் சான்ரெமோ விழாவோ யூரோவிஷனுக்கே மூத்தது, 1951-இல் தொடங்கியது.

இறுதிப் போட்டியைவிட இந்தத் தேர்வுதான் எனக்குப் பெரிய விருந்து. இறுதி மேடைக்கு வரும் பாட்டு இழைத்து முடித்து வருகிறது. தேர்வு மேடையில் அது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். ஓர் ஊர், 'இவள் நமக்காகப் பாடட்டும்' என்று முடிவெடுப்பதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

அதைப் பார்க்க ஐரோப்பா போக வேண்டியதில்லை. தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று போகும் சாலையில், அக்டோபர் நவம்பர் மாதங்களில் ஏதோ ஒரு பள்ளி வளாகத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். கேரளப் பள்ளி மாணவர்களின் கலைவிழாவான கலோத்சவத்தின் சப்ஜில்லா, அதாவது துணை மாவட்டச் சுற்று அது. உள்ளே போகச் சீட்டு வேண்டாம்.

காலக்கணக்கில் ஒரு பொருத்தம் உண்டு. 1956 மே மாதம் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் முதல் யூரோவிஷன் நடந்தது. அதே வருஷம் நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் முதல் கலோத்சவம். ஆக, இந்த எல்லையும் இந்தப் போட்டியும் ஒரே வயதுக்காரர்கள். எல்லை பிரித்த ஊர்களின் பிள்ளைகள் எந்தத் தொண்டையில் பாடுகிறார்கள் என்று கேட்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

முறை எளிது. முதலில் பள்ளி, பிறகு சப்ஜில்லா, பிறகு வருவாய் மாவட்டம், கடைசியில் மாநிலம். நெய்யாற்றின்கரைக் கல்வி மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, பாலராமபுரம், காட்டாக்கடை என்று நான்கு சப்ஜில்லாக்கள். ஒவ்வொன்றிலும் முதலிடம் பெற்றவர்தான் வருவாய் மாவட்ட மேடைக்குப் போகலாம். மாநில மேடையில் பதினான்கு மாவட்டங்களும் மோதுகின்றன. அதிகப் புள்ளி எடுத்த மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. அந்தக் கோப்பையைப் பற்றித்தான் பத்திரிகைகள் எழுதும். நீங்கள் அதை மறந்துவிட்டுக் கீழ்ப்படிக்கு வாருங்கள்.

போனதும் நிகழ்ச்சிப் பலகையைப் பாருங்கள். நடனங்கள் நடக்கும் பெரிய மேடையில் கூட்டம் நெருக்கும். லலிதகானமும் (மெல்லிசை) பத்யம் சொல்லலும் (கவிதை சொல்லுதல்) வகுப்பறையிலோ சிறிய மேடையிலோ நடக்கும். அங்கே போய் உட்காருங்கள். லலிதகானத்தில் பக்கவாத்தியம் கிடையாது, சுருதி மட்டும்தான். சினிமாப் பாட்டுக்கும் இடமில்லை. குரல் ஒளிந்துகொள்ள ஒரு மறைப்பும் இல்லாத போட்டி இது. பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். எண்ணைச் சொல்லித்தான் அழைப்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் கேட்பது நமக்கும் நல்லது.

பாட்டு தொடங்குவதற்கு முன்பே கவனியுங்கள். மேடையேறிய பிள்ளை வாய் மூடி, சுருதியோடு ஷட்ஜத்தை மெல்ல இழுத்துப் பார்க்கும். அந்த இரண்டு மூன்று விநாடியில் பாதி தெரிந்துவிடும். சேர்ந்துவிட்டால் தோள் தளர்கிறது. சேராவிட்டால் கண் ஆசிரியரைத் தேடுகிறது. பிறகு பல்லவி. எல்லோரும் பல்லவியை நன்றாகத்தான் பாடுவார்கள், ஆயிரம் தடவை பாடிப் பழகியது. சரணத்துக்குக் காத்திருங்கள். மேல் ஸ்தாயிக்குப் போய்த் திரும்பி வரும்போது குரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறதா? ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கிறதா? இதைக் கேட்கச் சங்கீத ஞானம் தேவையில்லை, சுருதிப்பெட்டியின் ரீங்காரத்தை விடாமல் காதில் வைத்திருந்தால் போதும். அடுத்தது மூச்சு. பதம் முடிந்து மூச்சு எடுக்கிறார்களா, பதத்தின் நடுவில் அறுக்கிறார்களா என்று பாருங்கள். பொருள் தெரிந்து பாடும் பிள்ளை நடுவில் அறுக்காது.

காசு கொடுத்துப் பயிற்சி எடுத்த பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் எந்த வரியில் கை நீட்ட வேண்டும், எந்த வரியில் கண்ணை மூட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஒரே கண்மூடலை மூன்று பேரிடம் அடுத்தடுத்துப் பார்த்தால் பாவம் வேறு, பாவனை வேறு என்று விளங்கிவிடும். அசையாமல் நின்று பாடுகிறவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாதது தமிழ்ப் பத்யம் சொல்லல். கலோத்சவத்தில் மலையாளம், சம்ஸ்கிருதம், அரபி, உருது, கன்னடம் என்று பல மொழிகளுக்கும் இந்தப் போட்டி உண்டு, தமிழுக்கும் உண்டு. இங்கே இரண்டு வகைக் குரல் கேட்கும். ஒன்று, மலையாள எழுத்தில் எழுதி வைத்துத் தமிழ்க் கவிதையை மனப்பாடம் செய்த குரல். அது சில இடங்களில் ககரத்தை அழுத்திச் சொல்லும். மற்றொன்று, மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ பாட்டி வீடு உள்ள குரல். அதன் வாயில் ககரம் தானாக இளகும். இரண்டாவதற்குத்தான் பரிசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ழகரத்தை இரு தரப்பும் துல்லியமாகச் சொல்லும்; சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு அதுவே தனி இன்பம். முதல் வகைப் பிள்ளை சந்தத்தைப் பிடித்துக்கொண்டு, கற்ற மொழியிலேயே கவிதையைத் தூக்கி நிறுத்துவதும் உண்டு.

திறந்த தொண்டையையும் கவனியுங்கள். வில்லுப்பாட்டு எல்லைக்கு இருபுறமும் வாழ்ந்த கலை. கேரளப் பக்கம் வில்லடிச்சான் பாட்டு என்பார்கள். கோயில் கொடைகளில் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, மைக் கோளாறானாலும் கடைசி வரிசை வரை எட்டும்படி பாடும்.

போவதற்கு முன் வீட்டில் பாறசாலை பி. பொன்னம்மாளின் பதிவு ஒன்றைக் கேட்டுவிடுங்கள். 1924-இல் பிறந்தவர். பதினைந்து வயதில் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளையொட்டி நடந்த இசைப் போட்டியில் வென்றவர். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பத்மநாபசுவாமி கோயிலில் பெண்களுக்கு அடைத்தே கிடந்த நவராத்திரி மண்டபத்தில் 2006-இல் முதல் பெண்ணாகப் பாடும்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்தப் பாட்டில் அவசரமே இருக்காது. ஒவ்வொரு சங்கதியும் முழுதாக இறங்கிய பிறகே அடுத்தது எழும். அந்த நிதானத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு போனால், நேரம் முடிந்துவிடுமோ என்று சப்ஜில்லாப் பிள்ளைகள் வேகமெடுக்கும் இடம் பளிச்சென்று தெரியும்.

பாடுபவரை மட்டும் பார்க்காமல் மிருதங்கப் போட்டி பக்கமும் போய்வாருங்கள். 1958-ஆம் வருஷ விழாவில் வாய்ப்பாட்டில் முதல் பரிசு யேசுதாசுக்கு. மிருதங்கத்தில் முதல் பரிசு பி. ஜெயச்சந்திரனுக்கு. ஒருவர் பாட மற்றவர் வாசிக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் கேரளத்தில் எல்லோருக்கும் பழக்கம். மிருதங்கத்துக்குப் பரிசு வாங்கிய அந்தப் பையன்தான் பின்னாளில் தமிழ்நாட்டையே தன் பாட்டால் உருக்கினார். 2025 ஜனவரி 8 அன்று திருவனந்தபுரத்தில் மாநிலக் கலோத்சவம் முடிந்தது. மறுநாள் ஜெயச்சந்திரன் காலமானார்.

ஒரு தாளும் பேனாவும் கொண்டுபோங்கள். சுருதி, சொல், மூச்சு, பாவம் என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள். முடிவு அறிவிப்பதற்கு முன்பு பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் தேர்வைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அது யாராவது ஒரு போட்டியாளரின் அம்மாவாக இருக்கும், சீரகத் தண்ணீர்ப் பாட்டிலோடு. அவர்களுக்குப் பாட்டு வரிக்கு வரி தெரியும். தன் பிள்ளை எங்கே வழுக்கியது என்பதை நடுவரைவிடக் கறாராகச் சொல்வார்கள்.

நடுவர்கள் உங்களோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே முடிந்துவிடாது. தோற்ற பிள்ளை அப்பீல் போகலாம். பணம் கட்டி அப்பீலில் வென்றால், அந்தப் பிள்ளையும் மாவட்ட மேடையில் ஏறும். அப்பீல்கள் பெருகி நிகழ்ச்சி நள்ளிரவுக்கு இழுப்பதாகப் புகார் உண்டு, அது நியாயம்தான். ஆனாலும் ரசிகருக்கு இது பெரிய வாய்ப்பு: சப்ஜில்லாவில் முதலிடம் பெற்றவரையும் அப்பீலில் வந்தவரையும் வேறு நடுவர்கள் முன்னால், வேறு மேடையில், அதே பாட்டில் மறுபடி கேட்கலாம். உங்கள் பழைய தாளை எடுத்துப்போய் ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலச் சுற்று ஜனவரியில் நடக்கும். நேரில் போக முடியாவிட்டால் கைட் விக்டேர்ஸ் தொலைக்காட்சியில் பார்க்கலாம்.